பிஞ்சிலேயே பறியுங்கள்: கோடைக் காய்கறித் தோட்டம், வாசகர் கேள்வி பதில்

தை, மாசியில் விதைத்தவர்கள் வீட்டில் இப்போது காய்கள் குவிகின்றன. அதற்கேற்ப இந்த மாதம் வந்த கடிதங்களில் விதைப்பு, உரம் பற்றிய கேள்விகள் குறைவு. ‘காய்த்துவிட்டது, அடுத்து என்ன?’ என்பதுதான் பலருடைய கேள்வி. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, அவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு பதில் தந்திருக்கிறோம்.

மாடியில் 12 வெண்டைச் செடிகள் உள்ளன. நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். ஞாயிற்றுக்கிழமை பறிக்கப் போனால் பாதிக் காய் முற்றி நாராக இருக்கிறது, மீதி விரல் நுனி அளவு பிஞ்சு. செடியும் முன்போல் பூப்பதில்லை. உரம் போதவில்லையா?
– வாசகி, கோவை

உரத்தில் குறையில்லை. வாரம் ஒரு முறை பறிப்பதுதான் குறை. வெண்டைப் பூ ஒரே நாள்தான் விரிந்திருக்கும். பூத்த நாளிலிருந்து ஐந்தாம் நாள் காய் பறிக்கும் பதத்துக்கு வந்துவிடும், கடும் வெயிலில் நான்காம் நாளே வந்துவிடும். ஏழாம் நாள் அது காயாக இருக்காது, விதைப் பெட்டியாகிவிடும். விதை முற்றத் தொடங்கியதும் செடி தன் சத்தையெல்லாம் அதற்கே அனுப்பி, புதுப் பூ வைப்பதைக் குறைத்துக்கொள்ளும். உங்கள் செடி பூக்காததற்குக் காரணம் இதுதான். சந்ததி உண்டாக்கும் வேலை முடிந்தது என்று அது நினைத்துக்கொண்டிருக்கிறது.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிக்க வேண்டும். 12 செடிக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. காலையில் பல் தேய்த்துக்கொண்டே முடித்துவிடலாம். நீளத்தை வைத்துப் பதம் பார்க்காதீர்கள், அது ரகத்துக்கு ரகம் மாறும். காயின் நுனியைக் கட்டைவிரலால் மடக்குங்கள். ‘டக்’கென்று ஒடிந்தால் பதம். வளைந்து கொடுத்தால் நேற்றே பறித்திருக்க வேண்டும். கடையில் காயை ஒடித்துப் பார்த்தால் திட்டு விழும். உங்கள் செடியில் உங்களை யார் கேட்பது!

காயை முறுக்கி இழுக்காதீர்கள். தண்டின் தோல் உரியும். கத்தரிக்கோலால் காம்பு ஒரு சென்டிமீட்டர் இருக்கும்படி வெட்டுங்கள். காய் பறித்த கணுவுக்குக் கீழே இருக்கும் பழுத்த இலைகளையும் அப்போதே எடுத்துவிட்டால் காற்றோட்டம் கிடைக்கும், வெள்ளை ஈ ஒளிவதற்கும் இடம் குறையும். இலை, காய்களில் உள்ள சுணை சிலருக்கு அரிக்கும். அவர்கள் பழைய சாக்ஸைக் கையில் மாட்டிக்கொள்ளலாம்.

முற்றிய காய் சமையலுக்கு உதவாது என்று செடியிலேயே விட்டுவிடாதீர்கள். இன்றே அத்தனையையும் வெட்டி எறியுங்கள். கடலைப் புண்ணாக்கு 100 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் மூன்று நாள் ஊறவைத்து, பத்து மடங்கு தண்ணீர் கலந்து, செடிக்கு அரை லிட்டர் வீதம் ஊற்றுங்கள் (வாடை வரும், பக்கத்து வீட்டார் மாடியில் துணி காயப்போட்டிருக்கும் நேரம் வேண்டாம்). பத்து நாளில் பூ திரும்பும். திரும்பியபின் கணக்கு இப்படி இருக்கும்: செடிக்கு இரண்டு நாளுக்கு ஒரு காய், காய்க்குச் சுமார் 15 கிராம். 12 செடியில் ஒரு பறிப்புக்கு 180 கிராம் வரும், இருவருக்கு ஒரு வேளைப் பொரியலுக்குத் தாராளம். இலை நரம்பெல்லாம் மஞ்சளாகி வலை போலத் தெரிகிற செடி மட்டும் தேறாது. அது வெள்ளை ஈ பரப்பும் தேமல் நோய். அந்தச் செடியைப் பிடுங்கிவிடுங்கள்.

தக்காளி நன்றாகக் காய்த்திருக்கிறது. ஆனால் பழம் சிவக்காமல் மஞ்சளும் ஆரஞ்சுமாகவே நிற்கிறது, மேல்பக்கம் வெள்ளையாக வெந்தது போல் இருக்கிறது. புதுப் பூவெல்லாம் உதிர்கிறது. ஏமாற்று விதையா?
– வாசகர், வேலூர்

விதைக்காரரை விட்டுவிடுங்கள். உங்கள் ஊர் வெயில் செய்கிற வேலை இது. தக்காளிக்குச் சிவப்பு நிறம் தரும் லைகோபீன் 30 டிகிரிக்கு மேல் சரியாக உருவாவதில்லை. மஞ்சள் நிறமி மட்டும் உருவாகிக்கொண்டே இருக்கும். வேலூரில் மே மாதம் 40 டிகிரி சாதாரணம், நேர் வெயில் படும் பழத்தின் தோல் அதைவிடச் சூடாக இருக்கும். மேல்பக்கம் வெளுத்துக் காகிதம் போல் ஆவது வெயில் சுட்ட காயம். அடியிலைகளைக் கழிக்கிறேன் என்று பழத்துக்கு நிழல் தரும் இலையையும் சேர்த்துக் கழித்தவர்கள் தோட்டத்தில்தான் இது அதிகம்.

பழம் செடியில் பழுக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். அடிப்பக்கம், அதாவது பூ இருந்த முனை, பச்சை மாறி லேசாக வெளிறி ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு இளஞ்சிவப்பு தட்டியதும் பறித்துவிடுங்கள். அந்த நிலைக்கு வந்த பழம் செடியிலிருந்து பெற வேண்டியதைப் பெரும்பாலும் பெற்றுவிட்டது. வீட்டில் இருப்பதிலேயே குளிர்ச்சியான மூலையில், காம்புப் பக்கம் கீழே இருக்கும்படி ஒரே அடுக்காகப் பரப்பினால் நான்கைந்து நாளில் சிவக்கும். ஜன்னலோர வெயில் வேண்டாம். பழுக்கும் முன் ஃபிரிட்ஜில் வைத்தால் சிவக்கவும் செய்யாது, மணமும் வராது. அணில் தொல்லை பற்றி எழுதிய நால்வருக்கும் இதுவே பதில். அணில் தேடி வருவது சிவந்த பழத்தைத்தான், அதற்கு முன்பே நீங்கள் பறித்துவிடலாம்.

பூ உதிர்வதற்கும் வெப்பமே காரணம். பகலில் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் 24 டிகிரிக்குக் கீழே இறங்காவிட்டால் மகரந்தம் வீரியம் இழந்துவிடும். எந்தத் தெளிப்பும் அதைச் சரிசெய்யாது. 35 சதவீத நிழல்வலை கட்டினால் ஓரளவு பிடிக்கும். இல்லையேல் இருக்கும் காய்களைப் பறித்து முடித்து, செடியை முக்கால் அடிக்குக் கவாத்து செய்து நிழலுக்கு நகர்த்துங்கள். ஜூன் மழைக்குப் பின் அதுவே துளிர்க்கும். கத்திரி வெயிலில் தக்காளிக்காகப் போராடுவது வீண் என்பது எங்கள் கருத்து. அந்தத் தொட்டியில் கொத்தவரை போட்டிருந்தால் இந்நேரம் கூடை நிறைந்திருக்கும்.

தக்காளியின் அடியில் வட்டமாகக் கறுத்துத் தோல் போல் ஆகிறது. கால்சியம் குறைவு என்றார்கள். முட்டை ஓடு போட்டும் பலனில்லை.
– வாசகி, கரூர்

பழத்துக்குக் கால்சியம் போகவில்லை என்பது சரி. ஆனால் மண்ணில் இல்லை என்று அதற்குப் பொருள் இல்லை. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் கால்சியம் பெரும்பாலும் போதுமான அளவுக்கு இருக்கும். வாளியில் படியும் வெள்ளை உப்பைப் பார்த்தாலே தெரியும். அது தண்ணீரோடுதான் செடிக்குள் ஏறும். ஒரு நாள் தொட்டி காய்ந்து, மறுநாள் வழிய வழிய ஊற்றினால் அந்த ஓட்டம் அறுபடுகிறது, கடைசியில் இருக்கும் பழ நுனிக்குப் போய்ச் சேர்வதில்லை. முட்டை ஓடு மண்ணில் கரைய மாதக்கணக்காகும். அது அடுத்த பட்டத்துக்குத்தான். தினமும் ஒரே அளவு தண்ணீர், இரண்டு அங்குல மூடாக்கு (காய்ந்த இலை போன்றவற்றால் மண்ணை மூடுவது), தழைச்சத்து மிகுந்த உரத்துக்குச் சில வாரம் விடுமுறை. கறுத்த காய்களைக் கிள்ளி எறியுங்கள். அடுத்த கொத்து சுத்தமாக வரும்.

வீட்டுக் கத்தரிக்காயைக் குழம்பில் போட்டால் விதை கடுக் கடுக்கென்று இருக்கிறது, லேசாகக் கசக்கிறது. இன்னும் சில காய்களில் வெளியே ஓட்டையே இல்லை, உள்ளே புழு. எப்படிப் பார்த்துப் பறிப்பது?
– வாசகர், திருச்சி

காய் பெரிதாகட்டும் என்று காத்திருக்கிறீர்கள். கத்தரிக்கு அளவு முக்கியம் இல்லை, பளபளப்புதான் முக்கியம். தோல் மினுமினுப்பாக, கட்டைவிரலால் அமுக்கினால் குழி விழுந்து உடனே எழும்பினால் அது பதம். மினுமினுப்பு மங்கினால் உள்ளே விதை பழுப்பாகத் தொடங்கிவிட்டது. அமுக்கிய குழி எழும்பவே இல்லையென்றால் விதைக்கு விட்டுவிடலாம், குழம்புக்கு வேண்டாம். நான்கு நாளுக்கு ஒரு முறை பறியுங்கள். காம்பு கட்டையாகவும் முள்ளோடும் இருக்கும். கத்தரிக்கோல் இல்லாமல் கை வைக்காதீர்கள்.

உள்ளே இருப்பது தண்டு, காய் துளைப்பான். அதன் குஞ்சுப் புழு காய் பிஞ்சாக இருக்கும்போதே நுழைந்துவிடும், நுழைந்த வழி மூடிக்கொள்ளும். நீங்கள் பார்க்கும் பெரிய ஓட்டை புழு வெளியேறிய வாசல். எனவே காயில் தேடிப் பயனில்லை, கொழுந்தில் தேடுங்கள். தண்ணீர் விட்டும் ஒரே ஒரு கிளையின் நுனி மட்டும் காலையிலேயே தொங்கிக் கிடந்தால் உள்ளே புழு இருக்கிறது. தொங்கிய இடத்துக்கு இரண்டு அங்குலம் கீழே கிள்ளி, பிளந்து பாருங்கள், இளஞ்சிவப்புப் புழு இருக்கும். நசுக்கிவிடுங்கள். வாரம் இரண்டு முறை இப்படிக் கிள்ளினாலே பாதிக்குமேல் கட்டுப்படும். கிள்ளியதைச் செடியடியில் போட்டால் செய்த வேலை வீண். இதற்கென்றே இனக்கவர்ச்சிப் பொறி (பெண் பூச்சியின் வாசனையைக் காட்டி ஆண் பூச்சியைப் பிடிப்பது) விற்கிறார்கள். பத்து, பதினைந்து செடிக்கு ஒன்று போதும்.

காய்ப்பு ஓய்ந்ததும் செடியைப் பிடுங்க வேண்டாம். ஆனியில் முதல் மழை பெய்ததும் தரையிலிருந்து ஒரு அடி விட்டு வெட்டி, இரண்டு கை மண்புழு உரம் போட்டால் ஏறக்குறைய இரண்டு மாதத்தில் மறுதாம்புக் காய் வரும்.

பந்தலில் புடலை, பீர்க்கு, பாகல் மூன்றும் ஏற்றியிருக்கிறேன். பூவுக்குக் குறைவில்லை. பிஞ்சு வைத்து ஒரு அங்குலம் வளர்ந்ததும் மஞ்சளாகி உதிர்கிறது. சில காய்கள் பாதி வளர்ந்து கோணி அழுகுகின்றன. தேனீ இல்லாததால்தான் என்கிறார்கள். காலையில் கையால் மகரந்தச் சேர்க்கை செய்தும் பார்த்துவிட்டேன்.
– வாசகி, தஞ்சாவூர்

உங்களுக்கு இரண்டு வெவ்வேறு சிக்கல்கள். இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

உதிர்ந்த பிஞ்சு ஒன்றைக் குறுக்கே வெட்டுங்கள். உள்ளே சுத்தமாக இருந்தால் சேர்க்கை நடக்கவில்லை. புழு நெளிந்தால், அல்லது தோலில் ஊசி குத்திய புள்ளியும் அதில் பிசின் துளியும் இருந்தால், பழ ஈ.

முதலில் சேர்க்கை. பெண் பூவுக்குக் கீழே குட்டிக் காய் ஒட்டியிருக்கும், ஆண் பூவுக்கு வெறும் காம்புதான். நீங்கள் காலையில் சேர்த்தது பாகலுக்குச் சரி. அது விடியலில் விரியும், காலை எட்டு மணிக்குள் முடித்துவிட வேண்டும். பரங்கி, வெள்ளரிக்கும் காலைதான். பீர்க்கு அப்படியில்லை, மாலை மங்கும் நேரத்தில்தான் மஞ்சளாக விரியும். புடலையின் நூல் நூலாகப் பிரிந்த வெள்ளைப் பூ இருட்டும்போது விரியும். சுரையும் மாலைப் பூதான். அவற்றை மறுநாள் காலை தொட்டுச் சேர்ப்பதில் பயனில்லை, நேரம் கடந்துவிட்டது. மாலை ஆறரை மணிக்கு ஒரு டார்ச் எடுத்துக்கொண்டு போங்கள். அன்று விரிந்த ஆண் பூவைப் பறித்து, இதழை நீக்கிவிட்டு, நடுவில் இருக்கும் மகரந்தத்தைப் பெண் பூவின் சூலகமுடியில் எல்லாப் பக்கமும் மெல்லத் தடவுங்கள். ஒரு ஆண் பூ இரண்டு பெண் பூவுக்குப் போதும். ஒரு பக்கம் மட்டும் பட்டால் காய் கோணும். சேர்க்கை பிடித்ததா என்பது மூன்றாம் நாள் தெரியும். பிடித்த பிஞ்சு கீழ்நோக்கிக் கனத்துத் தொங்கத் தொடங்கும்.

கொடி வெறும் ஆண் பூவாகவே வைத்தால் அவசரப்படாதீர்கள். இந்தக் குடும்பத்தில் ஆண் பூதான் முதலில் வரும், வெப்பமும் நீண்ட பகலும் சேர்ந்தால் அதுவே அதிகமாகவும் வரும். சுரைக்கு நுனி கிள்ளிப் பக்கக் கொடிகளை வளர்த்தால் பெண் பூ கூடும். இப்போது எல்லோரும் ‘3ஜி கட்டிங்’ என்று சொல்வது இதைத்தான்.

அடுத்து பழ ஈ. உதிர்ந்ததை உரக்குழியில் போடாதீர்கள். புழு மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகி, அடுத்த தலைமுறை ஈயாகத் திரும்பும். பாலித்தீன் பையில் போட்டு இறுக்கிக் கட்டி ஒரு வாரம் வெயிலில் வையுங்கள். பந்தலுக்கு அடியில் மண்ணை வாரம் ஒரு முறை கொத்தி விடுங்கள். பொறி வாங்கும்போது கவனம்: மா, கொய்யாவுக்கு விற்கும் மீத்தைல் யூஜினால் பொறிக்குப் பந்தல் காய் ஈ வராது. கொடிக் காய்களுக்கு ‘க்யூ லூர்’ என்று கேட்டு வாங்க வேண்டும். பொறி பிடிப்பது ஆண் ஈக்களை மட்டுமே. பெண் ஈ குத்துவதைத் தடுக்க, சேர்க்கை பிடித்த மறுநாளே பிஞ்சுக்குக் காகிதப் பையோ பழைய வேட்டித் துணிப் பையோ மாட்டுங்கள். அடிப்பக்கம் திறந்திருக்கக் கூடாது.

பறிக்கும் பதத்தையும் சொல்லிவிடுகிறோம். பீர்க்கின் வரியை நகத்தால் அழுத்தினால் சட்டென்று உடைய வேண்டும். இரண்டு நாள் தாமதித்தால் உள்ளே நார் கட்டிவிடும், உடம்பு தேய்க்க உதவும். பிஞ்சில் பறித்தால் தோலும் துவையலுக்கு ஆகும். புடலை அமுக்கினால் மெத்தென்று இருக்க வேண்டும், விதை கையில் தட்டுப்படக் கூடாது. நீளப் புடலுக்குச் சேர்க்கை முடிந்த ஐந்தாறு நாளில் நுனியில் சிறு கல்லைக் கட்டுங்கள், குட்டை ரகத்துக்குத் தேவையில்லை. பாகலின் பச்சை வெளிறும் முன் பறித்துவிடுங்கள். வெளிறிய பாகலைப் பறித்து வந்தால் சமையலறைக் கூடையிலேயே மஞ்சளாகிப் பிளக்கும்.

வீட்டு வெள்ளரி கசக்கிறது. முனையை வெட்டித் தேய்த்தால் கசப்பு போய்விடும் என்று மாமியார் தேய்க்கிறார். ஆனாலும் கசக்கிறதே?
– வாசகி, மதுரை

தேய்த்தால் வெட்டுவாயில் நுரை வரும், கொஞ்சம் சாறு வெளியேறும், அவ்வளவுதான். கசப்புக்குக் காரணமான குக்குர்பிட்டசின் தோலுக்கு அடியிலும் காம்புப் பக்கமும் செறிந்திருக்கும். எனவே காம்புப் பக்கம் ஒரு அங்குலம் வெட்டி எறிந்து, தோலைச் சற்று ஆழமாகச் சீவினால் பலன் தெரியும். மாமியாரையும் மறுத்துப் பேசியதாக ஆகாது. தேய்க்கட்டும், நீங்கள் சீவுங்கள்.

செடி தண்ணீருக்குத் தவிக்கும்போதுதான் இந்தக் கசப்பு கூடுகிறது. காலை மாலை இரு வேளையும் தண்ணீர் கொடுத்து, பிற்பகல் வெயிலுக்கு நிழல் தந்து, மஞ்சள் தட்டும் முன் பறியுங்கள்.

சுரைக்காய்க்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது. சமைக்கும் முன் ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டுக் காயை முழுதாக எறியுங்கள். சீவுவது, உப்பில் ஊறவைப்பது, வேகவைப்பது எதுவும் அந்தக் கசப்பைப் போக்காது. கசப்புச் சுரைச்சாறு குடித்து உயிரிழந்தவர்கள் நம் நாட்டிலேயே உண்டு.

தினமும் தண்ணீர் ஊற்றியும் மதியம் எல்லாச் செடியும் துவண்டுவிடுகிறது. மூன்று வேளை ஊற்றலாமா?
– வாசகர், சென்னை

மதியம் துவண்டு மாலை ஆறு மணிக்கு நிமிர்ந்தால் செடி தன்னைக் காத்துக்கொள்கிறது என்று பொருள். விட்டுவிடுங்கள். காலை ஆறு மணிக்கே துவண்டிருந்தால்தான் கவலை.

அப்படி இருந்தால் முதலில் செடிப்பையின் ஓரத்தைப் பாருங்கள். தென்னை நார்க்கழிவு நிறையக் கலந்த மண் ஒரு முறை நன்றாகக் காய்ந்தால் சுருங்கி, பையின் சுவரை விட்டு விலகும். அதன்பின் நீங்கள் ஊற்றும் தண்ணீர் அந்த இடுக்கு வழியே ஓடி அடியில் வழிந்துவிடும், நடுவே வேர் இருக்கும் இடம் பொடியாகவே இருக்கும். ‘அடியில் தண்ணீர் வருகிறதே’ என்று ஏமாறுவது இங்கேதான். ஓர மண்ணைக் குச்சியால் கிளறி இடுக்கை மூடி, கால் லிட்டராக ஐந்து நிமிட இடைவெளியில் நான்கு முறை ஊற்றுங்கள், மண் மீண்டும் உறிஞ்சத் தொடங்கும். 12 அங்குலப் பைக்கு மே மாதத்தில் காலையில் ஒன்றரை லிட்டர், மாலையில் ஒரு லிட்டர் ஏறக்குறைய சரியாக இருக்கும். பைகளை நெருக்கி வைத்து, செங்கல் மேல் ஏற்றி, காய்ந்த இலையாலோ தேங்காய் மட்டையாலோ மூடாக்கு போடுங்கள்.

மாடித் தொட்டியிலிருந்து ஓஸ் பைப்பில் வரும் முதல் தண்ணீர் கை சுடும். அதை வாளியில் பிடித்து ஆறவைத்துவிட்டுப் பிறகு செடிக்குத் திருப்புங்கள்.

பறித்த காயை ஃபிரிட்ஜில் வைத்தால் வெண்டை கறுக்கிறது, கத்தரியில் குழி விழுகிறது. கடைக் காய் தாங்குகிறது, வீட்டுக் காய் தாங்கவில்லையே?
– வாசகி, தூத்துக்குடி

கடைக் காயும் தாங்காது, அது வாங்கிய அன்றே சமைக்கப்பட்டுவிடுகிறது. கத்தரி, வெண்டை, வெள்ளரி மூன்றும் வெப்பநாட்டுக் காய்கள், 10 டிகிரிக்குக் கீழே நோகும். ஃபிரிட்ஜில் இருப்பதோ நாலைந்து டிகிரி. உலர்ந்த பருத்தித் துணியில் சுற்றி அடித்தட்டில் வைத்தால் மூன்று நாள் தாங்கும். ஈரத்தோடு வைத்தால் வெண்டை ஒரே இரவில் கொழகொழக்கும். கழுவாமல் வையுங்கள், சமைக்கும்போது கழுவுங்கள்.

பறிக்கும் நேரமும் முக்கியம். காலை ஏழரைக்குள் பறித்த காயில் இரவுக் குளிர்ச்சி இருக்கும். பதினொரு மணிக்குப் பறித்தால் அதே காய் கையில் சூடாக இருக்கும், அன்று மாலையே வதங்கும். கீரையையும் காலையில் அறுத்து, தண்டின் அடியைத் தண்ணீரில் வைத்து, மேலே ஈரத்துணி போர்த்துங்கள். ஒரு மண்சட்டிக்குள் இன்னொன்றை வைத்து இடையே ஈர மணல் நிரப்பும் ‘மண் ஃபிரிட்ஜ்’ பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். தண்ணீர் ஆவியாவதால்தான் அது குளிர்கிறது. கரூர், ஈரோடு போன்ற வறண்ட காற்று வீசும் ஊர்களில் நன்றாக வேலை செய்யும். உங்கள் கடற்கரை ஈரக்காற்றில் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

வருடா வருடம் மோர் மிளகாய் போடுகிறேன். ஒரு வருடம் பூஞ்சணம், ஒரு வருடம் உள்ளே கறுப்பு. அளவோடு சொல்லுங்கள்.
– வாசகி, கும்பகோணம்

உள்ளே கறுப்பதற்கு ஒரே காரணம் ஈரம் வெளியேற வழியில்லாதது. மிளகாயைக் கீறாமல், அல்லது நுனியில் பேருக்கு ஒரு குத்து குத்திப் போட்டிருப்பீர்கள்.

முழு வளர்ச்சி அடைந்த, தோல் கெட்டியான, பச்சை மாறாத கட்டை மிளகாய் அரைக் கிலோ. காம்போடு கழுவி, துணியில் பரப்பி, ஒரு சொட்டு ஈரம் இல்லாமல் உலர்த்துங்கள். காம்புக்குக் கீழே அரை அங்குலம் விட்டு நுனிவரை ஒரு பக்கம் மட்டும் கீறுங்கள். காரம் குறைய வேண்டுமானால் விதையை உதறலாம். இரண்டு நாள் புளித்த கெட்டித் தயிர் அரை லிட்டர், தண்ணீர் கால் லிட்டர், கல் உப்பு 60 கிராம், வெந்தயப் பொடி ஒரு தேக்கரண்டி, பெருங்காயம் அரைத் தேக்கரண்டி, எல்லாவற்றையும் கடைந்து பீங்கான் ஜாடியில் ஊற்றி மிளகாயை அமிழ்த்துங்கள். அலுமினியப் பாத்திரம் கூடாது. மோர் நாக்குக்குக் கரிக்க வேண்டும். ‘சரியான உப்பு’ என்று தோன்றினால் குறைவு, அதில்தான் பூஞ்சணம் வரும்.

இரண்டு இரவு ஊறட்டும். பச்சை நிறம் போய் வெளிறிய ஆலிவ் நிறம் வந்திருக்கும். மூன்றாம் நாள் காலை மிளகாயை எடுத்து வெயிலில் பரப்புங்கள், ஜாடி மோரையும் வெள்ளைத் துணி கட்டி வெயிலில் வையுங்கள். மாலையில் மிளகாயை மீண்டும் மோரில் போடுங்கள். மோர் வற்றித் தீரும்வரை, மூன்று நான்கு நாள், இப்படியே செய்யுங்கள். பிறகு மிளகாயை மட்டும் மேலும் நான்கு நாள் காயவையுங்கள். நடுவில் மழைமேகம் வந்தால் மோரிலேயே கிடக்கட்டும், உப்பு காப்பாற்றும். அரைகுறையாகக் காய்ந்ததை வீட்டுக்குள் மூடி வைத்தால்தான் கெடும்.

காய்ந்ததா என்று தெரிந்துகொள்ள, காம்பருகே ஒடித்துப் பாருங்கள். அங்கேதான் ஈரம் கடைசிவரை நிற்கும். சலசலவென்று சத்தம் வந்து, காம்படியும் ஒடிந்தால் டப்பாவில் அடைக்கலாம். வறுக்கும்போது தீயைக் குறைத்து, எண்ணெயில் போட்டு எண்ணெய் அடங்கும் முன் எடுத்துவிடுங்கள். தட்டில் வைத்தபின்னும் ஒரு சாயல் கறுக்கும்.

கொத்தவரை வற்றலுக்கும் இதே முறைதானா?
– வாசகர், சேலம்

ஒரு வித்தியாசம் உண்டு. பிஞ்சு கொத்தவரையைக் காம்பு, நுனி நீக்கி, கொதிக்கும் உப்பு நீரில் இரண்டு நிமிடம் மட்டும் போட்டு வடித்து, அதன்பின் புளித்த மோரில் ஓரிரவு ஊறவைத்துக் காயவைக்க வேண்டும். வேகவைக்காமல் காய்ந்தால் வறுக்கும்போது மரக்குச்சி. முற்றிய காய்க்கு எந்த வைத்தியமும் இல்லை.

வேப்பெண்ணெய் தெளித்த காயை எத்தனை நாள் கழித்துச் சாப்பிடலாம்? பஞ்சகவ்யம் தெளித்தால்?
– வாசகர், திண்டுக்கல்

பறித்துவிட்டுத் தெளியுங்கள், தெளித்துவிட்டுப் பறிக்காதீர்கள். வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, காதி சோப்புக் கரைசல் கொஞ்சம், மாலை ஐந்துக்குமேல். மதியம் தெளித்தால் இலை கருகும். மூன்று நாள் கழித்துப் பறித்துக் கழுவினால் கசப்பு வாடை இருக்காது. பஞ்சகவ்யம் 3 சதவீதம், அதாவது லிட்டருக்கு 30 மில்லி. அதில் சாணமும் கோமியமும் இருப்பதால் அறுக்கப் போகும் கீரை, பச்சையாகத் தின்னும் வெள்ளரி, தக்காளி மேல் கடைசி இரண்டு வாரம் தெளிக்காதீர்கள். வேருக்கு ஊற்றினால் போதும்.

இந்தக் காய்களிலிருந்தே ஆடிப் பட்டத்துக்கு விதை எடுக்க முடியுமா?
– வாசகி, விருதுநகர்

நாட்டு ரகமாக இருந்தால் முடியும். வீரிய ஒட்டுரக விதையிலிருந்து எடுத்தால் தாயைப் போல் பிள்ளை வராது, எட்டு செடியும் எட்டு விதமாக இருக்கும்.

கடைசியில் மிஞ்சிய காயை விதைக்கு விடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. நோயில்லாத, நன்றாகக் காய்த்த செடியை இப்போதே தேர்ந்து, நடுவில் வந்த இரண்டு காய்க்குச் சிவப்பு நூல் கட்டுங்கள், வீட்டில் யாரும் தெரியாமல் பறித்துவிடக் கூடாது. அந்த ஒரு செடி காய்ப்பைக் குறைத்துக்கொள்ளும், அது உங்களுக்குத் தெரிந்தே விடும் செடி. வெண்டை செடியிலேயே காய்ந்து வெடிக்கத் தொடங்கும்போது எடுங்கள். கத்தரி மஞ்சளாகிச் சுருங்க வேண்டும். அதைத் தண்ணீரில் பிசைந்தால் நல்ல விதை அடியில் தங்கும். தக்காளியின் சதையை விதையோடு கிண்ணத்தில் இரண்டு நாள் நொதிக்க விட்டுக் கழுவினால் வழுவழுப்பு உறை நீங்கும். இதை நிழலில், தட்டில் உலர்த்துங்கள், காகிதத்தில் உலர்த்தினால் ஒட்டிக்கொள்ளும். சுரை, பீர்க்கு, புடலையில் பக்கத்து வீட்டு ரகத்தின் மகரந்தம் கலக்க வாய்ப்பு உண்டு. விதைக்கு விடும் பெண் பூவை மாலையில் விரியும் முன்பே நூலால் கட்டி, உங்கள் கொடியின் ஆண் பூவால் சேர்த்து, மீண்டும் கட்டிவிடுங்கள்.

உலர்ந்த விதையைச் சலித்த அடுப்புச் சாம்பலில் புரட்டி, ரகமும் தேதியும் எழுதிய காகித உறையில் போட்டு, மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். ஆடி பிறக்கப் பத்து நாள் இருக்கும்போது பத்து விதையை ஈரத்துணியில் முடிந்து வைத்துப் பாருங்கள். வெண்டை நான்கைந்து நாளில், கத்தரியும் தக்காளியும் ஒரு வாரத்தில் முளைவிடும். ஏழுக்குமேல் முளைத்தால் குழிக்கு இரண்டு விதை போதும். ஐந்துக்குக் கீழே என்றால் குழிக்கு நான்கு போடுங்கள்.